மூன்றுக்கு மூன்று பெயர்: கிழக்குத் திமோரில் பத்தொன்பது நாட்கள்

2011 மே மாதம், பள்ளிக்கூடத்தின் கோடை விடுமுறையில், கிழக்குத் திமோர் நாட்டில் அப்போது நடந்துவந்த முதியோர் எழுத்தறிவு இயக்கத்துக்குத் தொண்டராகப் போய்வந்தேன். அங்கே இரவுகளில் டார்ச் வெளிச்சத்தில் கிறுக்கிவைத்திருந்த குறிப்பேட்டை, பயணக் களைப்பு தீர்ந்த பிறகு சரிசெய்து, நாள்வாரியாக எழுதுகிறேன்.

மே 7, சனி. டிலி

விமான நிலையத்தில் என் துணிப்பை வந்து சேர்ந்தது. மூக்குக்கண்ணாடிகள் வைத்திருந்த பெட்டி வரவில்லை.

அந்தப் பெட்டியில் 120 கண்ணாடிகள் இருந்தன. அருகில் வைத்து எழுத்துப் படிக்கிற கண்ணாடிகள். ஒன்றிலிருந்து மூன்று வரையிலான பவர்களில், சென்னையில் ஒரு மொத்தக் கடையில் ஒன்று 35 ரூபாய் வீதம் வாங்கியவை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்கு 24 வயது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம் அது. பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம். நான் பாடம் நடத்திய மையத்தில் கல்லுடைக்கும் அம்மா ஒருவர் மூன்று மாதம் தவறாமல் வந்தும் ஓரெழுத்துகூடப் பிடிபடாமல் தவித்தார். “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது தாயி” என்று அவர் சொன்னதை மனம் பதியவில்லை என்பதன் வேறு சொல்லாக எடுத்துக்கொண்டேன். அது கண் என்று எனக்கு உறைத்தபோது அவர் வருவதை நிறுத்தியிருந்தார். இருபது ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. திமோருக்குப் புறப்படுமுன் நான் செய்த ஒரே உருப்படியான ஆயத்தம் அந்தப் பெட்டிதான்.

இடைவழி நிலையத்தில் எங்கோ தங்கிவிட்டதாம். கவுண்டரில் இருந்த இளம்பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டு, “வந்துவிடும், மானா” என்றார். மானா என்றால் அக்கா. அடுத்த விமானம் எப்போது என்று கேட்டதற்கு அவர் நாட்காட்டியைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

தலைநகர் டிலியில் நம் ஊர்க் கடற்கரை வெயில்தான். நகருக்குள் ஓடும் சிறு வேன்களை மிக்ரோலெட் என்கிறார்கள். எங்கே ஏறினாலும் 25 சென்டாவோ; நூறு சென்டாவோ ஒரு டாலர். இறங்க வேண்டிய இடம் வந்ததும் யாரும் குரல் கொடுப்பதில்லை. கையிலிருக்கும் நாணயத்தால் மேலே உள்ள இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு, வண்டி நிற்கிறது. நான் தட்டியது ஓட்டுநருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளிச் சிறுவன் எனக்காகத் தன் நாணயத்தால் ஓங்கித் தட்டினான்.

மே 9, திங்கள். டிலி

இன்று இயக்கத்தின் கியூப ஆலோசகர் ஒருவரைச் சந்தித்தேன். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. ஸ்பானியமும் போர்ச்சுகீசியமும் கலந்து பேசுகிறவர். எங்களுக்கு இடையே ஓர் இளைஞர் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

இந்த நாட்டின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்குச் சற்று மேல். நூற்றாண்டுக்கணக்கில் போர்ச்சுகீசிய ஆட்சி, பிறகு 24 ஆண்டுகள் இந்தோனேசிய ஆக்கிரமிப்பு, 1999 வாக்கெடுப்பு, 2002இல் முழு விடுதலை. இத்தனைக்கும் இடையில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் எங்கே வாய்க்கும்? கியூபாவின் உதவியோடு 2007இல் இயக்கம் தொடங்கியது. ‘லோஸ், ஹாவு பெலெ’ என்பது, இந்த நாட்டின் பொதுமொழியான தேத்துமில் அதன் பெயர். ‘ஆம், என்னால் முடியும்’ என்று பொருள். முறையை வகுத்தவர் லியோனெலா ரெலிஸ் என்ற கியூபக் கல்வியாளர். முதலில் ஹைத்தியில் வானொலி வழியாகவும் பிறகு பல நாடுகளில் ஒளிப்பாடங்களாகவும் நடந்த இந்த முறைக்காக, அவருடைய நிறுவனத்துக்கு 2006இல் யுனெஸ்கோவின் செஜோங் அரசர் பெயரிலான எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. மொத்தம் 65 பாடங்கள். தொலைக்காட்சிப் பெட்டியில் பாடம் ஓடும். உள்ளூர் இளைஞர் ஒருவர் அதை நிறுத்தி, விளக்கி, பயிற்சி செய்யவைப்பார். முதியவர்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் என்ற நம்பிக்கையில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் துணையாகக் கொடுக்கிறார்கள். ‘அ’வுக்கு 1, ‘எ’வுக்கு 2, ‘இ’க்கு 3, ‘ஒ’வுக்கு 4, ‘உ’வுக்கு 5 என்று லத்தீன் உயிரெழுத்துகளில் தொடங்குகிறது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போவது. கேட்கும்போதே எனக்குப் பிடித்துப்போனது.

என் வேலை என்ன என்று கேட்டேன். “கற்பிப்பதைத் தவிர எல்லாம்” என்றார். வருகைப் பதிவேடு, வராதவர்களின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல், பின்தங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்வது. பதினெட்டு வருடம் ஆசிரியையாக இருந்தவளுக்கு அது சற்றே சுட்டது. ஆனால் தேத்தும் மொழியில் இருபது சொல்கூட அறியாத நான் யாருக்கு எதைக் கற்பிப்பேன்? அவர் சொன்னதே முறை.

புறப்படும்போது தன் தாயைப் பற்றிச் சொன்னார். 1961இல் கியூபாவில் ஓராண்டில் ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவு தந்த இயக்கத்தில், பதினான்கு வயதுச் சிறுமியாக, கையில் ஒரு அரிக்கேன் விளக்கோடு மலைக்குப் போனவராம் அந்தத் தாய். “அவருக்கும் முதல் வாரம் ஒரு வேலையும் தெரியவில்லை, பசுவுக்குப் புல் அறுத்துப் போட்டார்” என்றார்.

மே 10, செவ்வாய். லெத்தேஃபோஹோ போகும் வழி

மலைப்பாதைகளில் ஓடும் பயணி லாரிக்கு அங்குனா என்று பெயர். பின்பக்கம் பலகை பெஞ்சுகள்; நடுவில் அரிசி மூட்டை, தகரம், வாழைத்தார், எங்கள் வகுப்புக்கான தொலைக்காட்சிப் பெட்டி. மூன்று டாலர் கொடுத்தேன். கடலோரத் திபார் தாண்டி ஏறத் தொடங்கியதும் காற்று மாறிவிட்டது. ரைலாக்கோவுக்கு மேல் இருபுறமும் காப்பி. அதற்கு நிழலாக, தூண்போல் எழுந்து உச்சியில் மட்டும் குடை விரிக்கும் பெரும் வாகை மரங்கள். காப்பியைத் துரு நோயிலிருந்து காக்க உலகெங்கும் பயன்படும் கலப்பினம் ஒன்று இந்தத் தீவில்தான் தானாக முளைத்தது. அதன் பெயரே திமோர் கலப்பினம். நான் போகும் லெத்தேஃபோஹோ இருக்கும் எர்மேரா மாவட்டத்தின் சோறு முழுக்க இந்தச் செடியில்தான் விளைகிறது.

க்லேனோ தாண்டியபின் மழை பிடித்தது. ஒரு வளைவில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட, எல்லாரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளப் போனார்கள். அவர்களில் ஒருவர், கேட்காமல் கொள்ளாமல், தன் சண்டைச் சேவலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் மழையில் அந்தச் சேவலைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அது ஒரு முறைகூடத் திமிறவில்லை. வண்டி கிளம்பியதும் வந்து வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் என் கையைப் பற்றி நன்றி சொன்னார்.

இருட்டியபின் ஊர். நான் தங்கும் வீட்டு அம்மாவை எல்லாரும் தியா என்கிறார்கள்; அத்தை, சித்தி எல்லாம் அதில் அடக்கம். காப்பியும் பொரித்த வாழைப்பழமும் ஒரு தட்டில் வந்தன. யாரும் கூட உட்காரவில்லை. விருந்தாளி முதலில் தனியாகச் சாப்பிட வேண்டும், வீட்டார் தள்ளி நின்று பார்த்துக்கொள்வார்கள் என்பது இங்கே மரியாதை. பசியோடு நான்கு குழந்தைகள் வாசற்படியில் நிற்க, விழுங்குவது கடினமாக இருந்தது. இரவில் நல்ல குளிர்.

மே 12, வியாழன். முதல் வகுப்பு

பிற்பகல் மூன்று மணி, சிற்றாலயத்தின் திண்ணை. பதிவேட்டில் 23 பேர், வந்தவர்கள் 17, அதில் 13 பேர் பெண்கள். இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுவதால் எல்லாரும் போர்த்திக்கொண்டு வருகிறார்கள். நடத்துகிற இளைஞருக்கு 22 வயது. தன் பாட்டி வயதுக்காரர்களை “அவோ” என்று தாழ்ந்த குரலில் அழைத்து, கரும்பலகைக்கு வரச் சொல்லும்போது தானே எழுந்து வழிவிடுகிறார். அவரை அவர்கள் “மெஸ்த்ரி”, அதாவது ஆசிரியர், என்கிறார்கள்; அவர் கூச்சப்படுகிறார்.

ஒன்பதாம் பாடம். தொடக்கப் பாடங்களில் கை பழக்குவதும் எண்களும் உண்டு. அங்கேதான் நான் எதிர்பாராதது ஒன்றைக் கண்டேன். பலகையில் 3 என்று எழுதிவிட்டு இது என்ன என்று கேட்டார் இளைஞர். பின்வரிசைக் கிழவர் “தோலு” என்றார். நடுவில் இருந்த பெண் “தீகா” என்றார். இன்னொருவர் “த்ரேஸ்” என்றார். முதலாவது தேத்தும், இரண்டாவது இந்தோனேசிய மொழி, சந்தையில் விலை பேசுவது அதில், மூன்றாவது போர்ச்சுகீசியம், தேதியும் மணியும் அதில். வீட்டில் பேசுவதோ மம்பாய். அதில் நான்காவதாக ஒரு சொல் உண்டு. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தான் சொன்னது தவறோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். எண் எல்லாருக்கும் தெரியும் என்ற நம்பிக்கை அந்தத் திண்ணையில் ஆட்டம் கண்டதை நான் பார்த்தேன்.

இளைஞர் அதைக் கையாண்ட விதத்தை எந்த ஆசிரியப் பயிற்சியிலும் நான் பார்த்ததில்லை. அவர் யாரையும் திருத்தவில்லை. பலகையில் இருந்த அந்த ஒரே 3க்கு நேராக மூன்று காப்பிப் பழங்களை வைத்தார். பிறகு கிழவரைத் “தோலு” என்று சொல்லச் சொன்னார், அந்தப் பெண்ணைத் “தீகா” என்று சொல்லச் சொன்னார், மற்றவரை “த்ரேஸ்”. ஒவ்வொரு முறையும் அதே 3ஐத் தொட்டுக் காட்டினார். வாய்க்கு வாய் மாறுகிறது, எழுதினால் ஒன்றுதான் என்பது வகுப்பு முழுவதும் பரவ ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்வரிசைக் கிழவர் சத்தமாகச் சிரித்தார்.

மே 14, சனி. சந்தை

அதிகாலை பாவுன் என்னும் சிறு ரொட்டி, ஒன்று 10 சென்டாவோ. அதை முடித்துக்கொண்டு தியாவோடு சந்தைக்குப் போனேன். பப்பாளிப் பூவைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். கசப்பு நீங்க வேகவைத்து வதக்குவார்களாம். மதியம் பாத்தார் தாஆன்: மக்காச்சோளம், பரங்கிக்காய், பாசிப்பயறு மூன்றையும் ஒன்றாகக் குழைய வேகவைத்தது. இந்த வாரம் முழுவதும் எனக்குப் பிடித்த சாப்பாடு இதுதான்.

எங்கள் வகுப்பில் “தீகா” என்று சொன்ன பெண் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் சில்லறை கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த நாட்டின் நாணயங்கள் அதன் சொந்த நாணயங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். 5இல் நெற்கதிர், 10இல் சேவல், 25இல் பாய்மரப் படகு, 50இல் காப்பிக் கிளை. அவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. “ஒரு படகு, இரண்டு சேவல்” என்று கணக்கு போடுகிறார், பிசகாமல். ஆனால் தாள் பணம் அமெரிக்க டாலர். ஒன்று, ஐந்து, பத்து, இருபது எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம், ஏறக்குறைய ஒரே பச்சை. நம் ரூபாயில் நிறமும் அளவும் மாறுவதால் எழுதப்படிக்கத் தெரியாத நம் பாட்டிகள் தப்பித்துக்கொள்கிறார்கள். இங்கே அந்த உதவி இல்லை. தாள் வந்ததும் அவர் பக்கத்துக் கடைச் சிறுமியைக் கூப்பிட்டுக் காட்டினார். போன அறுவடையில் 20 டாலர் என்று வாங்கிவந்த தாள் 10 டாலராக இருந்ததையும், அதை வீட்டில் சொல்லாமல் மறைத்ததையும் தியாவின் வழியாக எனக்குச் சொன்னார். குரல் மிகவும் இறங்கிவிட்டது. வகுப்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று நான் யாரிடமும் அதன்பிறகு கேட்கவில்லை.

மே 16, திங்கள்

மாலையில் ஆலயத்தின் பக்கம் மின்சாரம் கிடையாது, ஜெனரேட்டர்தான். சாலையோரக் கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் பெட்ரோல், ஒன்றரை டாலர். இன்று பாட்டிலின் அடியில் நீர் கலந்திருக்க, பாடத்தின் நடுவே எஞ்சின் இருமி நின்றது. “ஆஹி மாத்தே” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்; நெருப்பு செத்துவிட்டது என்பது மின்தடைக்கு இங்குள்ள சொல். யாரும் எழுந்து போகவில்லை.

அந்த இருட்டில்தான் பின்வரிசைக் கிழவர் பேசினார். 1975இல் அவர் வாலிபர். விடுதலைக்கு உழைத்த மாணவர்கள் மலைகளுக்கு வந்து, பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வழியில், மக்களின் சொற்களைக் கொண்டே எழுத்துச் சொல்லித்தந்த காலம். இவர் பத்துப் பன்னிரண்டு இரவுகள் போயிருக்கிறார். அந்த ஆண்டு டிசம்பர் 7இல் இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. சொல்லித்தந்த மாணவர் காட்டுக்குள் போனார், திரும்பவில்லை. கையெழுத்துப் பழகிய தாளைத் தன் தாய் பயத்தில் அடுப்பில் போட்டுவிட்டார் என்றார். பிறகு தரையில் விரலால் எதையோ எழுதினார். இளைஞர் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். ‘அ’ இருந்தது, கோணலாக, லத்தீன் வடிவில். முப்பத்தாறு வருடம் அவர் அதைக் கைவிடாமல் வைத்திருந்திருக்கிறார்.

மே 17, செவ்வாய்

நாள் முழுக்க மழை. வகுப்பு இல்லை. தியாவின் வீட்டில் காப்பி உலர்த்தும் தார்ப்பாயை ஒன்பது முறை உள்ளே இழுத்தோம், ஒன்பது முறை வெளியே விரித்தோம்.

மே 19, வியாழன். பெட்டி வந்தது

பன்னிரண்டு நாள் கழித்து, அங்குனா கூரையில், கயிறு கட்டி, ஒரு பக்கம் நசுங்கி வந்து சேர்ந்தது. திறந்து எண்ணினேன். 11 கண்ணாடிகள் உடைந்திருந்தன. 109 நன்றாக இருந்தன.

கண் மருத்துவர் இல்லாத இடத்தில் படிக்கும் கண்ணாடி கொடுக்க, புதுக்கோட்டையில் நாங்கள் பின்னால் கற்றுக்கொண்ட வழி ஊசியும் நூலும்தான். எழுத்து தெரியாதவரிடம் எழுத்து அட்டையைக் காட்டிப் பயனில்லை. ஊசியைக் கையில் கொடுக்க வேண்டும். அவர் வழக்கமாக வேலை செய்யும் தூரத்தில் வைத்துக் கோக்கச் சொல்ல வேண்டும். குறைந்த பவரில் தொடங்கி, எதில் நூல் தடுமாறாமல் காதுக்குள் போகிறதோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தாய்ஸ் துணி நெய்யும் பெண்கள் இவர்கள். நூலைப் பற்றி எனக்குச் சொல்லித்தரக்கூடியவர்கள்.

கிழங்கு விற்கும் பெண்ணுக்கு 46 வயது இருக்கலாம். முதல் கண்ணாடியில் நூலை வாயில் ஈரப்படுத்தி மூன்று முறை முயன்றார், தவறியது. ஒன்றரைப் பவரில் ஒரே முறையில் போய்விட்டது. அவர் நூலை இழுக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகளில் காப்பிக் கறை படிந்திருந்தது. பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து, அதன் படத்தைப் பார்க்காமல் மறுபக்கம் திருப்பி, “சேவல் என்று நினைத்தேன், இதில் ஒன்றும் சைபரும் இருக்கிறது” என்றார். அந்த எண் எப்போதும் அங்கேதான் இருந்தது.

வகுப்பில் நாற்பதைத் தாண்டியவர்கள் 15 பேர். அதில் 12 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று தம்மையே குறைசொல்லிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். சேதி பரவி, மாலைக்குள் வகுப்பில் சேராதவர்களும் வந்துவிட்டார்கள். பைபிள் வாசிக்கும் பெரியவர், அரிசியில் கல் பொறுக்கும் அம்மா, எல்லாருக்கும் கொடுத்தோம். மூன்று பவர் முழுவதும் தீர்ந்துவிட்டது. இன்னும் அதிகம் கொண்டுவந்திருக்க வேண்டும்.

வகுப்பிலேயே மூத்த அவோவுக்கு மட்டும் எதுவும் உதவவில்லை. ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னபோது இரண்டு கருவிழிகளிலும் பால் விழுந்தாற்போல் வெண்மை. புரை. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் என் முகத்தைக் கையால் தடவி, மம்பாயில் ஏதோ சொன்னார். “வெகுதூரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறாய் என்கிறார்” என்றார் இளைஞர்.

மே 20, வெள்ளி

விடுதலை மீட்பு நாள், ஒன்பது ஆண்டுகள். மைதானத்தில் கொடியேற்றம், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு, பிறகு எல்லாருக்கும் சோறும் கீரையும். 1975இல் படித்த கிழவர் புதுக் கண்ணாடியோடு வந்து, விழாத் துணியில் இருந்த 20ஐ எனக்குக் காட்டினார். நான் தேத்துமில் ‘ருவானுலு’ என்றேன். உச்சரிப்பைத் திருத்தினார்.

மே 23, திங்கள். காப்பி பழுத்துவிட்டது

வகுப்புக்கு 5 பேர். கண்ணாடி கொடுத்த நான்கு நாளில் திண்ணை காலியாக இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால், வீடுகளும் காலி. எல்லாரும் மலைச்சரிவில். பழம் சிவந்தால் பறித்தாக வேண்டும். ஆண்டு வருமானம் இந்தச் சில மாதங்களில்தான். சிவந்த பழம் கிலோ 30 சென்டாவோ என்று எடைபோட்டு வாங்கும் லாரி சாலைக்கு வருகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அறுவடைக் காலத்தில் வகுப்பைத் திட்டமிட்டவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். நம் ஊரிலும் நாற்று நடவின்போது அறிவொளி மையங்கள் இப்படித்தான் வெறிச்சோடின. ஊர் எதுவாயினும் முதியோர் கல்விக்கு நாட்காட்டியை நிலம்தான் எழுதுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளாத திட்டம் தேறாது என்பது என் உறுதியான எண்ணம்.

இளைஞரும் நானும் தியாவின் அடுப்படியில் உட்கார்ந்து பேசி, வகுப்பை எடைபோடும் இடத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்தோம். சாக்கு சுமந்து வந்து லாரிக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் அவர்களுக்குச் சும்மா போகிற நேரம்தான். தொலைக்காட்சியைத் தூக்க முடியாது. ஆனால் கரும்பலகையைத் தூக்கலாம்.

மே 24, செவ்வாய். தராசடி

14 பேர். சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, சிவந்த பிசுக்குக் கைகளை இலையில் துடைத்துவிட்டு எழுதினார்கள். உயிரெழுத்து ஐந்தும் அவற்றின் எண் ஐந்தும். தராசின் முள் வட்டத்தில் உள்ள எண்களை இளைஞர் பலகையில் அப்படியே வரைந்து, ஒவ்வொரு சாக்கும் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்று கேட்டார். எடைபோடுகிறவருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முதலில் தராசை மறைத்துக்கொண்டு நின்றார். கிழங்கு விற்கும் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருக்குப் பக்கவாட்டில் போய் நின்றார். ஒன்றும் பேசவில்லை, நின்றார், அவ்வளவுதான். சிறிது நேரத்தில் அந்த ஆள் அரையடி நகர்ந்துகொண்டார். அந்தப் பெண்ணின் சாக்கு ஏறியது. “தீகா, சாத்து” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தன் நோட்டில் 31 என்று எழுதினார். 3 இடவலம் மாறித் திரும்பியிருந்தது. இளைஞர் பார்த்தார்; அப்போது திருத்தவில்லை.

மே 25, புதன். கடைசி வகுப்பு

நாளை அதிகாலை அங்குனா. வகுப்பு பதினைந்தாம் பாடத்தில் நிற்கிறது. இன்னும் 50 இருக்கிறது. முடிவில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். மீதமுள்ள கண்ணாடிகளைப் பவர் வாரியாகப் பிரித்து, ஊசி முறையையும் படமாக வரைந்து இளைஞரிடம் ஒப்படைத்தேன். 34 மீதி.

கியூப மருத்துவர் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவார் என்று தகவல். புரை விழுந்தவர்களைக் காட்ட ஒரு பட்டியல் தயார் செய்தோம். ஊர் முழுவதும் விசாரித்ததில் ஆறு பேர். பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஆலயத் திண்ணைச் சுவரில் ஒட்டினார் இளைஞர்.

மாலையில் எல்லாரும் வந்து விடைசொன்னார்கள். தியா என் தோளில் ஒரு தாய்ஸ் துண்டைப் போட்டார். மூத்த அவோ பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டார். பதில் சொல்ல இளைஞர் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கிழங்கு விற்கும் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்கு வெகு அருகில் போயிருந்தார். விரலை முதல் பெயரில் வைத்தார், உதடு அசைந்தது, தலையை ஆட்டினார். இரண்டாவதில் வெகுநேரம் நின்றார். மூன்றாவது. நான்காவதில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, எடுக்காமலே, மற்றக் கையை நீட்டி அவோவின் கையைப் பிடித்து இழுத்து, அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் விரல் இருந்த இடத்தில் வைத்தார்.

“இதோ, அவோ” என்றார். “இங்கே இருக்கிறீர்கள்.”